தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த சம்மன்

நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறேன். அதையும் போகிறபோக்கில் செய்யவில்லை. சத்தியம் வாங்குவதற்கென்றே இருக்கும் ஆணையர் முன்னால் நின்று, வலது கையைத் தூக்கி, முத்திரை குத்தி, அதற்குக் கட்டணமும் கட்டிவிட்டு வந்தேன். (பொய் சொல்வதற்கு ரசீது வாங்கி வைத்திருக்கும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் வைத்திருக்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும், நன்றாகப் பேசத் தெரியும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் அளவில்லாமல் இருந்தது. எனக்குக் கொடுத்த வேலை சம்மன் கொடுப்பது. கோர்ட்டு ஒரு மாநிலத்தில் இருக்கும், ஆள் இன்னொரு மாநிலத்தில் இருப்பான். பினாங்கு வக்கீல் ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்காக ஐந்து மணி நேரம் காரோட்டி வரமாட்டார். எங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார். நான் போய் ஆளைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ‘கொடுத்தேன்’ என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்கள் மேடம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லோரும் இந்த மண்ணில் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர்கள். மேடத்தின் தமிழ் மட்டும் இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொன்னார்: “தம்பி, நாலு விசயம். ஆளை நேரே காணும். ஐசியைப் பாரும். இது என்ன கடுதாசி எண்டு வாயைத் திறந்து சொல்லும். பிறகு கையிலே குடும். இதிலே ஒண்டு பிழைச்சாலும் எல்லாம் பிழை.”

(ஐசி என்றால் அடையாள அட்டை.) நாலில் ஒன்றைச் செய்தேன். கையில் கொடுத்தேன்.

பினாங்கிலிருந்து வந்தது ஒரு விவாகரத்து மனு. கேட்டவர் பெயர் கலா. கணவர் சேகரன், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். இருவரும் பிரிந்து நாலு வருஷம். சண்டை சச்சரவு ஏதும் இல்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கலாவுக்கு இப்போது வேறொரு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் விவாகரத்து ஆகவேண்டும். அதற்கு முன்னால் சேகரன் கையில் இந்தக் காகிதம் போய்ச் சேரவேண்டும். ஆக, ஒரு பெண்ணின் கல்யாணம் என் மோட்டார் பெட்டிக்குள் கிடந்தது.

இரண்டு முறை போனேன். முதல் முறை பக்கத்து வீட்டுக்காரர் “ஆளில்லை லா” என்றார். இரண்டாம் முறை நாய் இருந்தது. (என் நீலக் காற்சட்டை அந்த வீட்டு வேலியில் கொஞ்ச நாள் பறந்துகொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.) இரண்டு முறையும் நான் போனது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வேலைக்குப் போகும் மனுஷன் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. ஆள் ஒளிந்து விளையாடுகிறான், இவனைத் தந்திரத்தால்தான் பிடிக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

யோசித்தேன். தோட்டத்து வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவன் போனால் யாரும் ஏன் என்று கேட்காமல், நாயைக் கட்டி, நாற்காலி போட்டு உட்காரவைப்பது எப்போது? கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போதுதானே!

அந்த யோசனை வந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. இப்போது நினைத்தால் அறையலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக ‘ரா. சரஸ்வதி’ என்று பெயர் வெட்டியிருக்கும். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த தட்டு, நல்ல காரியத்துக்கு மட்டும்தான் வெளியே வரும். பாசாரில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு ஆரஞ்சு வாங்கினேன். அச்சுக்கடையில் பிள்ளையார் படம் போட்ட பெரிய உறை ஒன்று வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மனுவை மடித்து உள்ளே திணித்தேன். பதினெட்டுப் பக்கம். உறை கர்ப்பிணி மாதிரி இருந்தது.

வேட்டி கட்டிக்கொண்டுதான் போனேன். (அதுவும் அப்பாவுடையது. ஒன்றாவது என்னுடையதாக இருந்ததா என்றால் இல்லை.)

வாசலில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் ஓடிப்போய் நாயைப் பிடித்துக் கட்டினார். “பயப்படாம வாங்க தம்பி, பத்திரிகை கொண்டு வர்றவங்கள அது கடிக்காது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாய் மட்டும் சிரிக்கவில்லை, அதற்கு என் காற்சட்டையின் ருசி ஞாபகம் இருந்தது.

உள்ளேயிருந்து ஐம்பது வயதிருக்கும் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

“சேகர் அண்ணன் வீடுதானே?” என்று கேட்டேன்.

“ஆமா தம்பி, ஆமா, வாங்க, உள்ள வாங்க!”

அந்த ‘ஆமா’வைக் கேட்டதும் இவர்தான் சேகரன் என்று என் மனம் பூட்டுப் போட்டுவிட்டது. என்னிடம் ஒரு போட்டோ இருந்தது. பழைய ஐசியை நகல் எடுத்து, அந்த நகலை நகல் எடுத்து, அதை ஃபேக்ஸில் அனுப்பியது. கறுப்பாக ஒரு நெற்றி, கறுப்பாக ஒரு மீசை. அதை வைத்துக்கொண்டு என் அப்பாவையே கைது செய்திருக்கலாம்.

ஐசியைக் கேட்டிருக்கவேண்டும். ஆனால் நீங்களே சொல்லுங்கள், தட்டை நீட்டிக்கொண்டு நிற்பவன் “முதல்ல ஐசி காட்டுங்க” என்று கேட்பானா?

அவருடைய மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். வயதில் என் அக்கா மாதிரி இருந்தார். அப்படியே கூப்பிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை.

“யாரு புள்ள தம்பி நீங்க? முகம் பார்த்த மாதிரி இருக்கு. ரந்தாவ் பெரியப்பா வழியா?”

“ஆமாக்கா.”

(ரந்தாவில் எனக்குத் தெரிந்தது ஒரு பெட்ரோல் நிலையம் மட்டும்தான்.)

“அடடே, நம்ம பெரியப்பா பேரனா! பொண்ணு எந்த ஊரு?”

“பினாங்கு.”

“மாப்பிள்ளை?”

“இந்தப் பக்கம்தான்க்கா.”

இரண்டும் உண்மை என்று மனத்துக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

“எப்ப கல்யாணம்?”

“அடுத்த மாசம் மொத திங்கட்கிழமை. காலையில ஒம்பது மணிக்கு.”

“திங்கட்கிழமையா? யாரு லீவு குடுப்பாங்க?”

“அன்னைக்குத்தான் எடம் கிடைச்சுது.”

“மண்டபமா, கோயிலா?”

“பெரிய கட்டடம்க்கா. தூணெல்லாம் இருக்கும்.”

“சாப்பாடு?”

“கீழ கேண்டின் இருக்கு.”

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பினாங்குக்காரர்கள் இப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு அந்த வீட்டில் என்ன முறையோ அதைச் செய்தார்கள். சட்டை மாட்டிக்கொண்டு வந்த அண்ணனும் அக்காவும் சாமி படத்துக்கு முன்னால் ஜோடியாக நின்றார்கள். அக்கா முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். மோட்டார் கழுவியவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். “நீயும் வாயேன்டா” என்று அண்ணன் கூப்பிட்டதற்கு, “நீங்க ரெண்டு பேரும் வாங்குங்கண்ணே. ஒத்த ஆளு கை வைக்கக் கூடாது” என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஒற்றை ஆள். பெண்டாட்டி பிரிந்துபோன ஆள். நான் தேடி வந்த ஆளே அவர்தான்! என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். அண்ணனும் அக்காவும் சேர்ந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா உறையைக் கையில் தூக்கிப் பார்த்து, “என்னா கனம்! பெரிய எடத்துக் கல்யாணம்தான்” என்று சொல்லிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். என் நெற்றியில் குங்குமம் இட்டார். வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று இட்டிலியும் கோழிக் கறியும் போட்டார். நான் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது தடவையும் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாம், சீனி போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. சீனி வருவதற்குள் யாராவது உறையைப் பிரித்துவிட்டால்? “அவசரம்க்கா, இன்னும் பத்து வீடு இருக்கு” என்று தட்டைக்கூட வாங்காமல் ஓடினேன். மோட்டார் உயிர் பெறவில்லை. கைலிக்காரர்தான் பின்னாலிருந்து மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து கிளப்பிவிட்டார். “பார்த்துப் போங்க தம்பி!” என்று கையாட்டினார். பினாங்கு உயர்நீதிமன்றம் தேடிக்கொண்டிருந்த பிரதிவாதியை வைத்து மோட்டார் தள்ளவிட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான்.

மறுநாள் ஆணையர் முன்னால் கையைத் தூக்கினேன். ‘அவர்தான் மேற்படி சேகரன் என்று விசாரித்து உறுதி செய்துகொண்டேன்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்தைப் பூவாகச் சுழித்துப் போட்டேன்.

அம்மா தட்டைத் தேடினார். சின்னம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று சொன்னேன். அம்மா சின்னம்மாவைக் கேட்க, சின்னம்மா இல்லை என்று சொல்ல, பேச்சு வளர்ந்து, எப்போதோ ஒரு தீபாவளிக்குத் திருப்பித் தராத முறுக்கு அச்சு வரைக்கும் போய், கூடப் பிறந்த அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. மத்தியானம் பினாங்கு வக்கீல் போன் செய்தார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சொல்லித்தான் எனக்கு மீதிக் கதை தெரியும்.

அக்கா அந்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்துதான் உறையைப் பிரித்திருக்கிறார். சேகரனை வரச் சொல்லிக் கோர்ட்டு அனுப்பிய காகிதம் என்று தெரிந்ததும் வீடே ஆடிப்போய்விட்டது. சேகரன் “நான் போறேன்” என்றிருக்கிறார். அண்ணன் விடவில்லை. “தட்டுல வெச்சு என் கையில குடுத்திருக்காங்க. ரெண்டு கையாலயும் வாங்கினது நான். வாங்கினவன்தான் போகணும். போயி கலாகிட்டயும் நாலு வார்த்தை பேசிப் பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலை கட்டிய அக்காவையும் கூட்டிக்கொண்டு விசாரணைக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஏறிவிட்டார்.

கோர்ட்டில் சேகரன் பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்து நின்றிருக்கிறார். ஐசியைக் கேட்டார்கள், காட்டினார். வேறு பெயர்.

“நீங்கள் யார்?”

“சேகரோட அண்ணன்ங்கையா.”

“உங்கள் தம்பி எங்கே?”

“வேலைக்குப் போயிருக்கான். தட்டு வாங்கினது நாங்கதான்யா.”

மொழிபெயர்ப்பாளர் திணறியிருக்கிறார். நீதிபதி “டூலாங்?” என்று மலாயில் இரண்டு முறை கேட்டாராம். எந்தத் தட்டு? அக்கா பையிலிருந்து தட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்திருக்கிறார். என் அம்மாவின் பெயர் வெட்டிய தட்டு, பினாங்கு உயர்நீதிமன்றத்தில். பக்கத்தில் என் சத்தியப் பத்திரம்.

கொடுத்தது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி முறையாகக் கொடுத்து, மறுபடி தேதி வாங்கி, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் தை வந்து போய்விடும்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீர் என்ன செய்துபோட்டு வந்திருக்கிறீர் எண்டு உமக்கு விளங்குதா?” என்று மட்டும் கேட்டார். பிறகு என்னை இரண்டாவது சத்தியப் பத்திரம் எழுதவைத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு ஆரஞ்சு, வேட்டி, ஒன்றுவிடாமல் மலாயில் எழுதினேன். இட்டிலியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். “அதையும் எழுதும்” என்றார். எழுதி முடித்ததும் போனை என் பக்கம் தள்ளினார். “அந்தப் பிள்ளைக்கு நீரே சொல்லும்.”

கலாவோடு நான் பேசியது அப்போதுதான் முதல் முறை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. நான் உளறி முடிக்கும்வரை கேட்டார்.

“தம்பி, மாப்பிள்ளை வீட்டுல தைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாங் கல்யாணமா வர்றவ என்னமோ மறைக்கிறான்னு அவங்க சொந்தக்காரங்க ஏற்கெனவே பேசறாங்க. இப்ப நான் போயி என்னான்னு சொல்றது? தட்டு மாறிப் போச்சுன்னா?”

மன்னிப்புக் கேட்டேன். “சரி தம்பி” என்று வைத்துவிட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதுவரை அந்த மனு எனக்குப் பதினெட்டுப் பக்கக் காகிதம்தான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கொடுத்தேன் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. பொய்யாக ஒரு கல்யாணப் பத்திரிகை வைத்து, உண்மையாக நடக்கவேண்டிய ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். வேட்டி இல்லை, பழம் இல்லை. காகிதத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியே பிடித்துக்கொண்டு போனேன். கைலிக்காரர் இந்த முறை சிரிக்காமல் நாயைக் கட்டினார்.

“சேகரன் அண்ணே, நான் சிரம்பான் வக்கீல் ஆபீஸ். இது விவாகரத்து மனு. உங்க ஐசிய நான் பார்க்கணும்.”

அவர் உள்ளே போய் ஐசியை எடுத்து வந்து காட்டினார். காகிதத்தை வாங்கி, வாங்கியதற்குக் கையெழுத்தும் போட்டார்.

“இதைத்தான் தம்பி அன்னைக்கே கேட்டிருக்கணும். நான் என்னா ஓடி ஒளியற ஆளா? காலையில ஆறு மணிக்கு லோரி எடுத்தா ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. நீங்க பத்து மணிக்கு வந்து இல்ல இல்லன்னா? அவளும் நல்லா இருக்கட்டும்னுதான் நானும் நெனைக்கிறேன்.”

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்கு எல்லாரும் பத்திரிகை வெக்கிறதில்ல தம்பி. தோட்டத்துல இப்ப ஏழு குடும்பம்தான். டவுன்ல இருக்கிற சொந்தம் எங்கள மறந்தே போச்சு. அன்னைக்கு நீ வந்தப்ப, நம்மளையும் மதிச்சு ஒருத்தன் தட்டோட வந்திருக்கானேன்னு இவர்கிட்ட ரெண்டு நாளு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

நான் தலையைத் தூக்கவே இல்லை. தட்டைக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்: “ஒன் தட்டு இங்க இல்ல. கோர்ட்டுலயே கலாகிட்ட குடுத்துட்டேன். ஒனக்குத் திருப்பித் தரணுமா வேணாமான்னு அது முடிவு பண்ணட்டும்.”

அண்ணன் மட்டும் “சாப்டியா தம்பி?” என்று கேட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

மாதங்கள் ஓடின. விவாகரத்து ஆகிவிட்டது என்று மேடம் சொன்னார். கலாவின் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மாதான் திறந்தார். வாசலில் யார் நிற்கிறார்கள் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

“ஐயோ, என் தட்டு!”

நான் ஓடி வந்தேன். வயதான அத்தை ஒருவரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய உறை. குரலைக் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆவணியில கல்யாணம்மா. அதே மாப்பிள்ளைதான், காத்திருந்தாரு” என்றார் கலா, அம்மாவிடம். “மேடம்கிட்ட வீட்டு விலாசம் வாங்கினேன். தையிலேயே வெக்க வேண்டிய பத்திரிகை. கொஞ்சம் லேட்டாயிருச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். கையை நீட்டிய என்னிடமிருந்து தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “தம்பி, ஐசி இருக்கா?”

அவர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் ஐசியை எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். என் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் வாய்விட்டுப் படித்தார். “இது கல்யாணப் பத்திரிகை. நல்லாத் தெரிஞ்சுதானே வாங்குறீங்க?”

“தெரிஞ்சுதான்க்கா” என்றேன். அப்புறம்தான் அவர் சிரித்தார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னடா இது, தட்டு எப்படி இந்தப் புள்ள கையில?” என்று கேட்டார். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நின்றுகொண்டு முழுக் கதையையும் சொன்னேன். இட்டிலியையும் விடவில்லை. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்துபோய் சின்னம்மாவுக்குப் போன் போட்டார்.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. என் கல்யாணத்துக்கு நான் முதல் பத்திரிகையை அந்தத் தோட்டத்து வீட்டில்தான் வைத்தேன், அதே தட்டில். அண்ணனும் அக்காவும் ஜோடியாக வாங்கினார்கள். வாங்கிய கையோடு அக்கா உறையைப் பிரித்து, முதல் எழுத்திலிருந்து அச்சுக்கடைப் பெயர் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் என்னிடம் பத்திரிகை நீட்டுகிறவர்கள் முதலில் ஐசியைக் கேட்கிறார்கள். என் ஆறு வயது மகள்கூடப் பள்ளிக்கூடத்துக் கடிதம் ஏதாவது கொண்டுவந்தால், “ஐசி, ப்பா” என்று கையை நீட்டுகிறாள். நானும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

தட்டு அம்மாவிடம்தான் இருக்கிறது, பீரோவில். சாவி சின்னம்மாவிடம் இருக்கிறது.